தேசியக் கோட்பாட்டின் மூன்றாவது வரி: அரசியலமைப்பை எழுதியவர்கள் யார்? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

கோத்தா கோலா மூடா – திங்கட்கிழமை காலைச் சபைக்கூடலில் நெகாராகூ பாடி முடிந்ததும் மாணவர்கள் வலக்கையை உயர்த்தித் தேசியக் கோட்பாட்டைச் சொல்கிறார்கள். மூன்றாவதாக வருவது அரசியலமைப்புச் சட்டத்தை உறுதியாகக் கடைப்பிடிப்பது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு என்று கணக்கிட்டால், எஸ்.பி.எம். எழுதுவதற்குள் ஒரு பிள்ளை இந்த உறுதிமொழியை ஏறக்குறைய 400 தடவை சொல்லியிருக்கும்.

ஆனால் அந்தச் சட்டம் எப்போது வந்தது, யார் எழுதினார்கள், அதில் தோட்டத்தில் பிறந்த நம் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் என்ன எழுதப்பட்டது என்று கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வார்கள்? பிள்ளைகளை விடுங்கள், பெற்றோரில் எத்தனை பேர்?

இது தேர்வுக்கான கேள்வி மட்டுமல்ல. 2019 ஜூலையில் நாடாளுமன்றம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. 2021 டிசம்பர் 15 முதல் அது நடப்புக்கு வந்தது. வாக்காளர் பதிவும் தானாகவே நடக்கிறது. ஐந்தாம் படிவத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவர் அடுத்த ஆண்டு வாக்காளர். தன் கையில் இருக்கும் வாக்கு எந்தச் சட்டத்திலிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றல்ல, பல ஆவணங்கள்

'நாட்டின் அடிப்படை ஆவணம்' என்றால் ஒரே ஒரு தாள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வதுண்டு. நம் நாட்டுக்கு அப்படி இல்லை. வரிசையாகப் பார்த்தால் குழப்பம் தீரும்.

1957 ஆகஸ்டு 5ஆம் தேதி மலாய் ஆட்சியாளர்களும் பிரிட்டிஷ் தூதராணையரும் கையெழுத்திட்டது மலாயாக் கூட்டரசு ஒப்பந்தம். ஆகஸ்டு 15ஆம் தேதி கூட்டரசுச் சட்டமன்றம் அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டது. ஆகஸ்டு 27ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. ஆகஸ்டு 31ஆம் தேதி மெர்டேக்கா அரங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் வாசித்தது சுதந்திரப் பிரகடனம். 1963 ஜூலை 9ஆம் தேதி லண்டனில் கையெழுத்தானது மலேசிய ஒப்பந்தம். அதன்படி அதே ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி சபா, சரவாக், சிங்கப்பூர் இணைந்து மலேசியா உருவானது. சிங்கப்பூர் 1965இல் பிரிந்தது. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, 1970 ஆகஸ்டு 31ஆம் தேதி தேசியக் கோட்பாடு பிரகடனம் செய்யப்பட்டது.

இவற்றில் சட்டமாக நின்று நீதிமன்றத்தில் பேசுவது அரசியலமைப்பு. இலட்சியத்தைச் சொல்வது பிரகடனம். இந்திய அரசியலமைப்பைத் திறந்தால் முதலில் ஒரு முகவுரை இருக்கும். நம் அரசியலமைப்பில் முகவுரை கிடையாது. நேராக முதல் பிரிவுக்குப் போய்விடும். சுதந்திரம், நீதி, மக்கள் நலன் ஆகியவற்றை அடித்தளமாகக் கொண்ட நாடு இது என்ற வாக்குறுதியைத் தேடுபவர்கள் துங்கு வாசித்த பிரகடனத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தத் துங்கு நம் கெடாக்காரர். 1903 பிப்ரவரி 8ஆம் தேதி அலோர் ஸ்டாரில் பிறந்தவர். கூலிமில் மாவட்ட அதிகாரியாக வேலை பார்த்தவர். கெடாப் பிள்ளைகளுக்குப் பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

எழுதிய ஐவர்

1955 ஜூலை 27ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலில் மொத்தம் 52 இடங்களில் 51ஐக் கூட்டணி வென்றது. அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. மூன்றும் சேர்ந்த கூட்டணி அது. 1956 ஜனவரி 18 முதல் பிப்ரவரி 6 வரை லண்டனில் பேச்சு நடந்தது. மலாய் ஆட்சியாளர்களின் பேராளர்கள் நால்வர், துங்குவும் மூன்று அமைச்சர்களும் என்று எண்மர் போனார்கள். சுதந்திரத்துக்கு நாள் குறிக்கப்பட்டது. அரசியலமைப்பை வரைய ஓர் ஆணையம் அமைப்பதென்றும் முடிவானது.

அந்த ஆணையத்தில் மலாயாவைச் சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. உள்ளூர்ச் சார்பு எதுவும் கலந்துவிடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஐவரும் காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்தார்கள்.

தலைவர் ஜேம்ஸ் ரீட் பிரபு, பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிபதிகளில் ஒருவர். ஐவர் ஜென்னிங்ஸ் கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரியின் தலைவர். சர் வில்லியம் மெக்கெல் ஆஸ்திரேலியாவின் முன்னாள் கவர்னர் ஜெனரல். பி. மாலிக் இந்தியாவின் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி. அப்துல் ஹமீட் பாகிஸ்தானின் உயர்நீதிமன்ற நீதிபதி.

பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னால் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும். ஆளைச் சொன்னால் நிற்கும். மெக்கெல் இளம் வயதில் கப்பல் பட்டறையில் கொதிகலன் செய்யும் தொழிலாளியாக இருந்தவர். தொழிற்சங்கம் வழியாக அரசியலுக்கு வந்தவர். ரப்பர் ஆலையிலும் எண்ணெய் ஆலையிலும் வேலை செய்த குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த ஒரு தகவல் போதும். நாட்டின் சட்டத்தை வரைந்த மேசையில் கைத்தொழில் செய்த ஒருவரும் உட்கார்ந்திருந்தார் என்பது அதன் மனத்தில் பதியும்.

ஆணையம் 1956 ஜூன் முதல் அக்டோபர் வரை 118 கூட்டங்கள் நடத்தியது. கட்சிகள், சங்கங்கள், தனி மனிதர்களிடமிருந்து 131 மகஜர்கள் வந்தன. ஐவரும் ரோம் நகரில் அமர்ந்து அறிக்கையை எழுதி, 1957 பிப்ரவரியில் ஒப்படைத்தார்கள்.

ஆனால் அவர்கள் எழுதியது அப்படியே சட்டமாகவில்லை. ஆட்சியாளர்களின் பேராளர்கள், கூட்டணியினர், பிரிட்டிஷ் அதிகாரிகள் அடங்கிய பணிக்குழு ஒன்று அறிக்கையை வரிவரியாகப் பார்த்துத் திருத்தியது. மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையை 15 ஆண்டுக்குப் பிறகு மறுபரிசீலனை செய்யலாம் என்று ரீட் ஆணையம் சொன்னது. பணிக்குழு அந்தக் காலவரையறையை எடுத்துவிட்டது. கூட்டரசின் சமயம் பற்றி ஆணையத்தின் பெரும்பான்மையினர் எதுவும் பரிந்துரைக்கவில்லை. அப்துல் ஹமீட் மட்டும் மாற்றுக் கருத்து எழுதினார். இறுதியில் இஸ்லாம் கூட்டரசின் சமயம், மற்றச் சமயங்களை அமைதியாகவும் இணக்கமாகவும் பின்பற்றலாம் என்பது 3ஆவது பிரிவில் இடம்பெற்றது.

ஆகவே 'அரசியலமைப்பை ஆங்கிலேயர் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்' என்று சொல்வதும் சரியில்லை, 'நாமே எழுதினோம்' என்று சொல்வதும் சரியில்லை. வரைவு வெளியாருடையது, பேரம் உள்ளூர்க்காரர்களுடையது. அந்தப் பேரத்தில் இந்தியர்களின் குரலாக ம.இ.கா.வும், 1955இல் அதன் தலைமையை ஏற்ற வீ.தி. சம்பந்தனும் இருந்தார்கள்.

இதற்குப் பத்தாண்டு முன்னால் இன்னொரு முயற்சியும் நடந்தது. 1947இல் பல இனங்களைச் சேர்ந்த அமைப்புகள் கூடி 'மக்கள் அரசியலமைப்பு' என்ற வரைவைத் தயாரித்தன. ஜான் திவி தொடங்கிய ம.இ.கா.வும் அந்த அணியில் இருந்தது. அதை ஆதரித்து 1947 அக்டோபர் 20ஆம் தேதி நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. பிரிட்டிஷார் அந்த வரைவை ஏற்கவில்லை. சட்டமாகாமல் போன ஆவணமும் வரலாறுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

நீல ஐசி எங்கிருந்து வந்தது?

இந்தியக் குடும்பங்களுக்கு இந்த ஆவணத்தின் மிக முக்கியமான பகுதி குடியுரிமை பற்றிய மூன்றாம் பாகம்.

1957 அரசியலமைப்பின்படி, சுதந்திர நாளன்றோ அதற்குப் பிறகோ கூட்டரசில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடிமகன். பெற்றோர் யார் என்று பார்க்கவில்லை. அதற்கு முன்பே இங்கே பிறந்து வளர்ந்த 18 வயது நிரம்பியவர்கள், கடந்த ஏழாண்டில் ஐந்தாண்டு இங்கே வசித்திருந்தால் பதிந்துகொள்ளலாம். கப்பலேறி வந்தவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டில் எட்டு ஆண்டு வசிப்பு வேண்டும். மலாய் மொழியில் அடிப்படை அறிவும் கேட்கப்பட்டது. முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களில் பலருக்கு அந்த மொழி நிபந்தனையிலிருந்து விலக்கு இருந்தது.

அந்த ஓராண்டு எவ்வளவு பெரியது என்பதைத் தோட்டத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். பட்டணத்துக்குப் போக ஒரு நாள் கூலி போகும். பாரம் நிரப்ப எழுத்துத் தெரிந்த ஆள் வேண்டும். பிறந்ததற்கோ வந்ததற்கோ சான்று வேண்டும். கிராணியோ, ஆசிரியரோ, சங்கத் தலைவரோ முன்னின்று அழைத்துப் போனவர்கள் பதிந்துகொண்டார்கள். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டவர்களில் சிலரின் கையில் சிவப்பு ஐசியே தங்கிவிட்டது. அதன் பின்விளைவைப் பேரப்பிள்ளைகள் வரை சுமந்த குடும்பங்கள் உண்டு.

1962இல் விதி இறுகியது. அந்த ஆண்டு அக்டோபர் முதல், இங்கே பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வசிப்பிடத் தகுதி பெற்றவராகவோ இருக்க வேண்டும் என்றானது. 2024 அக்டோபர் 17ஆம் தேதி மக்களவை இன்னொரு திருத்தத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மலேசியத் தாயும் குடியுரிமை வழங்க வழிசெய்த திருத்தம் அது. நிரந்தர வசிப்பிடத் தகுதி கொண்டோரின் பிள்ளைகளுக்குத் தானாகக் குடியுரிமை கிடைப்பதை நிறுத்தும் மாற்றமும் அதே மசோதாவில் இருந்தது. சிவப்பு ஐசி உள்ள வீடுகளுக்கு இது நேரடியாகத் தொடும் செய்தி. பாடநூலில் வரும் 'மூன்றாம் பாகம்' என்பது பழங்கதை இல்லை.

இலங்கையோடு ஒப்பிட்டால்

ஐவரில் ஒருவரான ஜென்னிங்ஸ் மலாயாவுக்கு வருமுன் இலங்கையில் இருந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். அந்நாட்டின் சுதந்திர அரசியலமைப்பு உருவானபோது டி.எஸ். சேனநாயக்காவுக்கு ஆலோசகராக இருந்தவர்.

இலங்கை அரசியலமைப்பில் குடியுரிமை எழுதப்படவில்லை. பிறகு சாதாரணச் சட்டமாக இயற்றிக்கொள்ள விடப்பட்டது. 1948இல் சுதந்திரம் வந்த அதே ஆண்டில் இலங்கை நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர் ஏறக்குறைய 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் இயற்றக் கூடாது என்ற பாதுகாப்பு அந்த அரசியலமைப்பின் 29ஆவது பிரிவில் இருந்தும் அவர்களைக் காப்பாற்றவில்லை.

மலாயாவில் குடியுரிமை அரசியலமைப்புக்குள்ளேயே வைக்கப்பட்டது. இன்று அந்த மூன்றாம் பாகத்தைத் திருத்த நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்; மலாய் ஆட்சியாளர்கள் மன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். அதே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து, அதே காலத்தில், ஒரு கப்பலில் அண்ணனும் இன்னொரு கப்பலில் தம்பியும் போயிருந்தால் இருவரின் பேரப்பிள்ளைகளுக்கும் வேறு வேறு வாழ்க்கை. ஒரு விதியை எந்தப் புத்தகத்தில் எழுதிவைக்கிறோம் என்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இல்லை.

152: பாதி வரியும் முழு வரியும்

152ஆவது பிரிவு மலாய் மொழியைத் தேசிய மொழியாக்குகிறது. பலருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதே பிரிவின் அடுத்த பகுதி, அதிகாரப்பூர்வப் பயன்பாடு அல்லாத வகையில் வேறு எந்த மொழியைப் பயன்படுத்துவதையும், எந்த மொழியைக் கற்பதையும் கற்பிப்பதையும் தடுக்கக் கூடாது என்கிறது.

இந்த வரி நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டது. தமிழ், சீனப் பள்ளிகளின் பயிற்றுமொழி அரசியலமைப்புக்கு முரண் என்று தொடுக்கப்பட்ட வழக்கைக் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் 2021 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு உட்பட்டவையே என்று தீர்ப்பளித்தது. தன் பள்ளி திறந்திருப்பதற்கு எந்தப் பிரிவு துணைநிற்கிறது என்பதை ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவர் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

153ஆவது பிரிவையும் முழுதாகப் படிக்க வேண்டும். மலாய்க்காரர்கள், சபா, சரவாக் பூர்வகுடிகள் ஆகியோரின் சிறப்பு நிலையைப் பாதுகாக்கும் அதே வாசகத்தில் மற்றச் சமூகங்களின் நியாயமான நலன்களும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கின்றன. இது சிக்கலான இடம் என்று சில ஆசிரியர்கள் தயங்குவது இயல்பு. 1971 திருத்தத்துக்குப் பிறகு குடியுரிமை, 152, 153 ஆகியவற்றைக் கேள்விக்குள்ளாக்குவதைத் தடைசெய்யச் சட்டம் இயற்றலாம். ஆனால் அவை நடைமுறைப்படுத்தப்படும் விதத்தைப் பேசுவதற்கு அந்தத் திருத்தமே இடம் விட்டிருக்கிறது. பிரிவில் இருப்பதை இருப்பதுபோல் விளக்குவது எந்தத் தடைக்குள்ளும் வராது.

பெண் பிள்ளைகளுக்குச் சொல்ல 8ஆவது பிரிவு இருக்கிறது. சமயம், இனம், வம்சம், பிறந்த இடம் காரணமாகக் குடிமக்களிடையே பாகுபாடு கூடாது என்று 1957இலேயே எழுதியவர்கள் பாலினத்தை எழுதவில்லை. 2001இல்தான் அது சேர்க்கப்பட்டது. ஒரு சொல் உள்ளே வர 44 ஆண்டு ஆனது.

வகுப்பில் என்ன செய்யலாம்?

பாடத்திட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு இருக்கிறது. இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்தில் 1957 ஒப்பந்தமும் சுதந்திரப் பிரகடனமும், ஐந்தாம் படிவத்தில் கூட்டரசு அரசியலமைப்பும் வருகின்றன. எஸ்.பி.எம். சான்றிதழுக்கு வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம். சிக்கல் வேறு இடத்தில். தமிழில் 'அரசியலமைப்பு' என்று படித்த பிள்ளை முதலாம் படிவத்தில் 'பெர்லெம்பாகாஆன்' என்ற சொல்லைச் சந்திக்கும்போது இரண்டும் ஒன்று என்று உடனே தோன்றுவதில்லை. குடியுரிமை – கெவார்கானெகாராஆன், சுதந்திரப் பிரகடனம் – பெமாஷுரான் கெமெர்டேக்காஆன், சிறப்பு நிலை – கெடூடுகான் இஸ்திமேவா. இப்படி இருபது சொற்களை இரு மொழியிலும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாலே பாதி சுமை குறையும்.

அடுத்தது ஊர். மூடா ஆறு கடலில் சேரும் இந்தப் பகுதியில் ஆறே எல்லை. வடகரையில் கெடா, தென்கரையில் பினாங்கு. கெடாவுக்குச் சுல்தான் இருக்கிறார், பினாங்குக்கு ஆளுநர். ஏன்? கெடா 1909 வரை சயாமின் பிடியில் இருந்து, பிறகு பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு வந்த சுல்தான் ஆட்சி. பினாங்கு நேரடிப் பிரிட்டிஷ் குடியேற்றம். ஒன்பது மலாய் மாநிலங்களையும், பினாங்கு, மலாக்கா என்ற இரண்டு குடியேற்றங்களையும் ஒரே நாடாகத் தைத்த நூல்தான் 1957 அரசியலமைப்பு. 'கூட்டரசு' என்ற சொல்லுக்கு அகராதி தேவையில்லை. இரண்டு மாநிலங்களையும் இணைத்து ஆற்றின் மேல் நிற்கும் மெர்டேக்கா பாலத்தில் பிள்ளைகளை நிறுத்திக் காட்டினால் போதும். நம் கெடா சுல்தான் அப்துல் ஹலிம் 1970இலும் 2011இலும் என இருமுறை மாமன்னரானதும் அதே அரசியலமைப்பின் சுழற்சி முறையால்தான்.

மூன்றாவது, 131 மகஜர்கள். வகுப்பில் ஐந்து மாணவர்களை ஆணையமாக உட்கார வைக்கலாம். மற்றவர்கள் ரப்பர் தோட்டத் தொழிலாளி, கடலோர மீனவர், நெல் விவசாயி, பட்டணத்துக் கடைக்காரர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்று ஆளுக்கொரு மகஜர் எழுதி வாதாடட்டும். ஒருவர் கேட்பதை முழுதாகக் கொடுத்தால் மற்றவருக்கு என்ன ஆகும் என்பதை அரை மணி நேரத்தில் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அரசியலமைப்பு ஏன் பல இடங்களில் 'ஆனால்' என்று தொடர்கிறது என்பதும் அப்போது புரியும்.

அரசியலமைப்பை எளிய மொழியில் மக்களிடம் கொண்டுபோக மலேசிய வழக்கறிஞர் மன்றம் 2009இல் 'பெர்லெம்பாகாஆன்கூ' என்ற இயக்கத்தைத் தொடங்கிச் சிறு கையேடுகளை வெளியிட்டது. வகுப்புக்கு அவை உதவும்.

வீட்டில் தொடங்கும் பாடம்

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அலமாரியின் அடியில் இருக்கும் பழைய பிளாஸ்டிக் பையை எடுத்துப் பிள்ளைகள் முன் பிரியுங்கள். தாத்தாவின் குடியுரிமைப் பத்திரம், பாட்டியின் பழைய ஐசி, அப்பாவின் பிறப்புப் பத்திரம். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி 1957 ஆகஸ்டு 31க்கு முன்னா, பின்னா? 1962 அக்டோபருக்கு முன்னா, பின்னா? இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டாலே அரசியலமைப்பின் மூன்றாம் பாகம் உங்கள் வீட்டுக் கதையாகிவிடும்.

பத்திரத்தில் பெயர் தவறாக இருந்தாலும், யாருக்காவது இன்னும் சிவப்பு ஐசி இருந்தாலும், பிள்ளையின் பிறப்பு பதியப்படாமல் கிடந்தாலும் அது அன்றே தெரியவரும். தெரிந்தவுடன் தேசியப் பதிவிலாகாவுக்குப் போவது நல்லது. 1957இல் அந்த ஓராண்டைத் தவறவிட்டவர்கள் சோம்பேறிகள் அல்லர். சொல்லித்தர ஆளில்லாதவர்கள். இன்று சொல்லித்தர ஆளும் இருக்கிறது, படிக்கத் தெரிந்த பிள்ளையும் வீட்டிலேயே இருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை அதே பிள்ளை வலக்கையை உயர்த்தி மூன்றாவது வரியைச் சொல்லும். தான் கடைப்பிடிப்பதாகச் சொல்வது எதை என்று அதற்குத் தெரிந்திருக்கட்டும்.